பைபாஸ் என்றொரு மரியாதை

டாக்டர் ஒரு தாளை எடுத்து இரண்டு இரைப்பைகளை வரைந்தார். வைத்தியத்தில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர், வரைவதில் அப்படியில்லை. இரண்டும் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தன. இடது மாங்கொட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, பெரிய பக்கத்தைப் பேனாவால் கிறுக்கினார்.

"இந்த முக்கால்வாசி வெளிய வந்துடும் அங்கிள். மிச்சம் இருக்கிறது சட்டைக் கை மாதிரி நீளமா, ஒல்லியா இருக்கும். அதான் ஸ்லீவ். எடுத்தது எடுத்ததுதான், திருப்பி வெக்க முடியாது."

அப்புறம் வலது மாங்கொட்டைக்கு வந்தார். அதன் உச்சியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்தார். கீழே நெளிந்து கிடந்த குடலை இழுத்து வந்து அந்தப் பையோடு சேர்த்தார். "இதுல எதையும் எடுக்க மாட்டோம். பழைய வயிறு உள்ளேயே சும்மா கெடக்கும். சாப்பாடு இந்தச் சின்னப் பைக்கு வந்து, அப்படியே குடலுக்குப் போயிடும். இது பைபாஸ்."

எனக்கு ஐம்பத்தொரு வயது, நூற்று நாற்பத்தாறு கிலோ. அவர் என்னை அங்கிள் என்று கூப்பிட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். எது ஆபத்து, எத்தனை நாள் லீவு, சோறு சாப்பிடலாமா, வைட்டமின் மாத்திரை எத்தனை வருஷத்துக்கு. ஆயுசுக்கும் என்று டாக்டர் சொன்னதும் குறித்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டுல எது ஒசத்தின்னு கெடையாது அங்கிள். யாருக்கு எதுங்கிறதுதான். சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, நெஞ்செரிச்சல் ஜாஸ்தின்னா பைபாஸ் பக்கம் சாய்வோம். ஆனா சிகரெட் பிடிக்கிறவங்க, மூட்டுவலி மாத்திரை அடிக்கடி போடுறவங்களுக்கு பைபாஸ் வேணாம். சேர்த்த எடத்துல புண்ணு வரும், ரத்தம் கசியும். இந்த ஃபாரத்த வீட்டுக்குக் கொண்டு போங்க, பொறுமையா எழுதி எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே முடிவு சொல்ல வேணாம்."

ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். லிஃப்ட் வருவதற்குள்ளாகவே செய்துவிட்டேன். பைபாஸ்தான். காரணம் சுகரும் இல்லை, நெஞ்செரிச்சலும் இல்லை. அந்தச் சொல்.

நான் வாரநாட்களில் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். சனி, ஞாயிறுகளில் கல்யாண எம்சி. கிள்ளானிலிருந்து காஜாங் வரை நான் மைக் பிடிக்காத மண்டபம் குறைவு. பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் ஒரே நேரத்தில் சிரிக்கவைக்க எனக்கு ஒரே ஒரு சரக்குதான் தேவைப்பட்டது. என் வயிறு. மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை என்றால் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்று, "இப்ப காத்து வருதா பாருங்க" என்பேன். முந்நூறு பேர் சிரிப்பார்கள். அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் வலிக்காது என்பது என் கணக்கு. இருபது வருஷம் அந்தக் கணக்கை நம்பினேன்.

இந்த மாதிரி ஆப்பரேஷனைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு பெண் மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்துகொண்டாள். "வாயக் கட்டத் தெரியாம வயித்தக் கட்டிக்கிட்டா" என்று ஒருத்தர் சொன்னார். நல்ல வரியாக இருக்கிறதே என்று அதை நான் ஒரு கல்யாண மேடையில் எடுத்து விட்டேன். கைத்தட்டல் வந்தது. அந்தப் பெண் அன்று மண்டபத்தில் இருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் பைபாஸ் என்றால் கதையே வேறு. எங்கள் குடும்பத்தில் பைபாஸ் என்பது இருதயம், அவ்வளவுதான். சித்தப்பா பைபாஸ் செய்துகொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் சட்டையின் மேல் இரண்டு பொத்தானைப் போடாமல்தான் விசேஷங்களுக்கு வருவார். தழும்பு தெரிய வேண்டுமே. அவருக்குத்தான் முதல் நாற்காலி, முதல் இலை. அவரைப் பற்றிப் பேசும்போது குரல் தானாக இறங்கிவிடும். அதே மனிதர் நாற்பது வருஷம் ஆட்டுக்கறியை வெளுத்து வாங்கியவர் என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அடைத்துக்கொண்டது இருதயம் என்றால் விதி; பெருத்துப்போனது வயிறு என்றால் கொழுப்பு.

அன்று சாயங்காலம் கிள்ளானில் இருக்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். என்னைவிட ஏழு வயது மூத்தவள், ஒரு பாலர் பள்ளியில் டீச்சர், இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"எங்கடா போயிருந்தே? மத்தியானமெல்லாம் அடிக்கிறேன், எடுக்கவே இல்ல."

"டாக்டர்கிட்டக்கா."

"என்னவாம்?"

"ஆப்பரேஷன் பண்ணணுமாம்." கொஞ்சம் நிறுத்தினேன். மேடையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் நான். "பைபாஸ்."

அந்தப் பக்கத்திலிருந்து "முருகா" என்று ஒரு முனகல். அப்புறம் அழுகை. அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அது ஹார்ட் இல்லக்கா, வயிறு. அவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்தது. "பயப்படாதக்கா, நல்ல டாக்டர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கிள்ளானுக்குப் போனோம். அக்கா வீட்டு வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் அந்தச் சொல் போய் அதன் வேலையைச் செய்திருந்தது. சித்தப்பா தன் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். எழுந்தார்! என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்து, "இனிமே நீயும் நம்ம கட்சி" என்றார். ஓர் அத்தை எனக்காக எண்ணெய் இல்லாமல் மீன் அவித்துக் கொண்டு வந்திருந்தார். நான் எழுந்தால் நாலு பேர் எழுந்தார்கள். என் தட்டைப் பார்த்து யாரும் கண்ணடிக்கவில்லை. "இவனுக்கு இன்னொரு எலை போடுங்கலா" என்று யாரும் கத்தவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. ஒருவரும் சிரிக்காத ஒரு சாப்பாடு.

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. என் மனைவி மட்டும் சமையல்கட்டிலிருந்து வெளியே வரவே இல்லை. நான் சொன்ன பொய்யை முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

இரண்டாவது சந்திப்புக்கு மூன்று வாரம் இருந்தது. இடையில் எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில் நெஞ்செரிச்சலுக்கான புண் எதுவும் இல்லை. சுகர் வந்து ஒன்றரை வருஷம்தான், ஒரே மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. ஃபாரத்தில் ஒரு வரி இருந்தது: தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள். சுகர் மாத்திரை என்று எழுதினேன். பிரஷர் மாத்திரை என்று எழுதினேன். பேனாவை மூடிவிட்டேன்.

எழுதாமல் விட்டது முட்டி வலி மாத்திரை. நாலு மணி நேரம் மேடையில் நிற்பவனுக்கு, நூற்று நாற்பத்தாறு கிலோவைச் சுமப்பவனுக்கு, அது இல்லாமல் முடியாது. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று ஆரம்பித்தது, இப்போது தினம் இரண்டில் வந்து நிற்கிறது. எடை இறங்கினால் முட்டி தானாகச் சரியாகிவிடும், அப்புறம் எதற்கு மாத்திரை, அதை எதற்கு இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் ஃபாரத்தைப் படித்தார். "வலி மாத்திரை எதுவும் இல்லியே அங்கிள்?"

"இல்ல டாக்டர்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாள். நான் பைபாஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் டாக்டர் அதற்கே தேதி குறித்தார். ஒரு மாதம் இருந்தது.

அவள் வாயைத் திறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து ஒரு கடையில் உட்கார்ந்து கோப்பி வந்த பிறகுதான். கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை. கத்தினால் சமாளித்துவிடுவேன்.

"அப்ப பீரோவுல சாக்ஸுக்கு அடியில இருக்கிறது என்னங்க, மிட்டாயா?"

"அது... வலிச்சாதான் போடுறது."

"தெனம் வலிக்குது." கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "சரி, பைபாஸே பண்ணிக்குங்க. நாளைக்கு உள்ள புண்ணாகி ரத்தம் வந்துச்சுன்னா, ஹார்ட்லேருந்து வருதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லிக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் வந்து "அண்ணே, ரொட்டி சானாய் ஏதாச்சும்?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி அவரே ஆச்சரியப்பட்ட ஒரே நாள் அதுதான். ஆனால் அன்றைக்கும் நான் டாக்டருக்குப் போன் செய்யவில்லை. அந்த நாற்காலி என்னை விடவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரி அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரு உற்சாகம்.

"தம்பி, நாளைக்குக் காலைல லீவு போட்டிருக்கேன். கோயிலுக்குப் போறேன்."

"என்னக்கா விசேஷம்?"

"முடி கொடுக்கப் போறேன். உன் ஹார்ட்டுக்கு வேண்டிக்கிட்டேன்."

அக்காவின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும். அத்தான் இறந்தபோதுகூட அதைத் தொடவிடாதவள். வாரத்துக்கு இரண்டு நாள் சீயக்காய், வெயிலில் காயவைப்பது, பின்னி முடிப்பது என்று அதற்காகவே ஒரு வாழ்க்கை தனியாக வைத்திருந்தாள்.

"வேண்டுதல்னா ஆப்பரேஷன் முடிஞ்சப்புறம்தானக்கா?"

"அதுவரைக்கும் எவன் காத்திருப்பான்? மொதல்ல கொடுத்துட்டா அவரு தட்ட முடியாதுல்ல."

போனை வைத்த பிறகு நான் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். என்னைப் பற்றி நான் சொன்ன பொய்களில் அது கடைசி. கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொம்யூட்டர் ரயிலுக்கு நின்றேன். அன்றைக்கென்று பார்த்து இருபத்தைந்து நிமிஷம் தாமதம். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன். முதலில் பொய் சொன்னதும் போனில்தானே, உண்மையையாவது முகத்தைப் பார்த்துச் சொல்லுவோம் என்று வைத்துவிட்டேன். அது தைரியம் இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவதுதான் என்று இப்போது தெரிகிறது.

கோயிலுக்குள் நான் மூச்சிரைக்க நுழைந்தபோது அக்கா குளித்துவிட்டுக் கிணற்றடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலை. அதன்மேல் ஈரச் சந்தனம். தலை சின்னதாக இருந்தது, காது பெரிதாக இருந்தது. அம்மாவின் காது. இத்தனை வருஷம் முடிக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எப்படிடா இருக்கு? திங்கக்கெழம பிள்ளைங்க பயந்துடுமா?"

நான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தேன். நான் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்; அவள் அதைத் தெரிந்தவள், அதனாலேயே பயந்துபோனாள்.

"என்னடா? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு நெஞ்சுல ஒன்னும் இல்லக்கா." சொல்ல ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு மாங்கொட்டை, ஸ்லீவ், பைபாஸ், சித்தப்பாவின் நாற்காலி, முட்டி மாத்திரை, ஃபாரம். "குண்டன் வயித்த வெட்டிக்கிறான்னு சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்க்கா. உன் முடிய வீணாக்கிட்டேன்."

அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். சின்ன வயதில் வைத்த அதே அடி, கை மட்டும் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

"எருமமாடு! ஒரு மாசமா நான் ராத்திரி தூங்கலடா."

"தெரியும்க்கா."

"ஒன்னும் தெரியாது உனக்கு." மூக்கைச் சிந்தினாள். "ஹார்ட்டுன்னு நான் முருகன்கிட்ட சொல்லவே இல்ல. என் தம்பி எனக்கு வேணும்னுதான் சொன்னேன். ஹார்ட்டா இருந்தாத்தான் வேண்டுவேன்னு நெனச்சியா நீ?"

நான் அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்காவும் அங்கே இருந்த பூசாரியும் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். வெளியே வந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் அவள் போனை எடுத்தாள். குடும்பக் குழுவுக்கு ஒரு குரல் பதிவு. நான் தடுக்கப் பார்த்தேன், முறைத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. என் தம்பிக்கு ஹார்ட்டு நல்லா இருக்கு. அவனுக்குப் பண்ணப்போறது வயித்துல, எடை கொறைக்கிற ஆப்பரேஷன். அவன் உங்களுக்குப் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டான். சிரிக்கணும்னு தோணுச்சுன்னா நேரா என் வீட்டுக்கு வாங்க, என் மொட்டத் தலையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போங்க. அவன்கிட்ட யாரும் சிரிக்கக் கூடாது."

அங்கேயே நின்று நான் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போனேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நல்ல வேளை அங்கிள், இப்பவாச்சும் சொன்னீங்க," என்றார். முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தேய்மானம் நிறைய. எடை குறைந்தால் வலி குறையும், ஆனால் தேய்ந்தது திரும்பி வளராது, மாத்திரை தேவைப்படும் நாட்கள் வரும் என்றார். சுகர் புதுசு, நெஞ்செரிச்சல் இல்லை, முட்டி இப்படி; உங்களுக்கு ஸ்லீவ்தான் என்றார். "ஸ்லீவ்னா மாத்திரைய இஷ்டத்துக்கு முழுங்கலாம்னு அர்த்தம் இல்ல. என்கிட்ட கேட்டுட்டுத்தான்."

"கேட்டுட்டுத்தான்," என்றாள் என் மனைவி, எனக்கு முன்னால்.

ஆப்பரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லாம் சுகமாக நடந்தது என்று கதைவிட மாட்டேன். முதல் இரண்டு வாரம் தண்ணீரை டீஸ்பூனில் குடித்தேன். ஒரு நாள் அவசரப்பட்டு நாலு வாய் இட்லி விழுங்கி, கிணற்றில் விழுந்தவன் மாதிரி திணறினேன். தட்டில் வைத்தது பாதி மீந்து கிடப்பதைப் பார்த்து அழுத நாளும் உண்டு. சாப்பாடு எனக்கு எத்தனை பெரிய துணையாக இருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் மேம்பாலப் படியை இப்போது நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். ஏறி முடித்ததும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் என்ன, எனக்கே நான் கைதட்டிக்கொள்கிறேன்.

சித்தப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், நாற்காலி மட்டும் கொடுக்கவில்லை. பரவாயில்லை. மற்றவர்களில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்பார்கள், அதை நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் ஒரு போன் வந்தது. சித்தப்பாவின் கடைசி மகள், கல்யாணமாகி காஜாங்கில் இருக்கிறாள். என்னோடு அதிகம் பேசுகிறவள் இல்லை. விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போது எப்போதும் யாராவது ஒருத்தருக்குப் பின்னால் போய் நின்றுகொள்பவள். ரொம்ப நேரம் பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாள். அப்புறம் குரலை இறக்கினாள்.

"அண்ணே, எனக்கும் டாக்டர் சொல்லிட்டாங்க. ஸ்லீவா, பைபாஸா, எதுண்ணே நல்லது?"

"அது நான் சொல்லக் கூடாதும்மா. எனக்கு நல்லது உனக்கு நல்லதா இருக்கணும்னு இல்ல. ஒன்னே ஒன்னு, டாக்டர்கிட்ட எதையும் மறைக்காத."

"சரிண்ணே." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட என்ன ஆப்பரேஷன்னு சொல்றதுண்ணே? அவரு சிரிப்பாரே."

"வயித்து ஆப்பரேஷன்னு சொல்லு," என்றேன். "சொல்லும்போது நான் உன் பக்கத்துல வந்து நிக்கிறேன்."